கிட்டார் தந்தி ‘ஜர்’ என்று அடிக்கிறதா?

(வாலிபருக்கும் இசை ஊழியருக்கும் ஒரு பாடம்)

வாசிக்க வேண்டிய வேதபாகம்: சங்கீதம் 33:1-5, 1 கொரிந்தியர் 14:7-9, யாத்திராகமம் 31:1-5



இந்த மாதம் ஒரு வாத்தியப் பாடம். “இதெல்லாம் எழுப்புதல் பத்திரிகையில வர வேண்டிய விஷயமா பிரதர்?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். எலிசா தீர்க்கதரிசி மூன்று ராஜாக்களுக்கு முன்பாக நின்றபோது, முதலாவது ஒரு வாத்தியக்காரனைத்தான் வரவழைத்தார் என்று 2 இராஜாக்கள் 3-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். அந்த வாசிப்பின் நடுவிலேதான் தீர்க்கதரிசனம் புறப்பட்டது. கொரிந்து சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலனாகிய பவுல், குழலானாலும் சுரமண்டலமானாலும் சத்தம் தெளிவாக இல்லாவிட்டால் என்ன வாசிக்கப்படுகிறது என்று யாருக்குமே புரியாதே என்கிறார். அவர் அந்நியபாஷையைக் குறித்துப் பேசினார், உண்மைதான். ஆனாலும் உவமைக்கு எடுத்தது வாத்தியத்தை.

நம்முடைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து சபைகளில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு காரியம் உண்டு. ஒரு வாலிபத் தம்பி ஆர்வமாகக் கிட்டார் கற்றுக்கொண்டு வருகிறான். காணிக்கை போட்டு வாங்கின கிட்டார், அல்லது ஊருக்குப் போன ஒரு குடும்பத்தார் சபைக்கு விட்டுப்போனது. ஒரு நாள் ஆராதனை நடுவில் ஏதோ ஒரு தந்தி ‘ஜர்ர்’ என்று அடிக்கிறது. மிக்ஸரில் உட்கார்ந்திருக்கிற சகோதரர் கிட்டார் வால்யூமைக் குறைக்கிறார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. மூன்றாம் வாரம் ஒயரே போடுவதில்லை. “ஸ்ட்ரிங் மாத்திட்டேன் ஐயா, அப்பவும் அடிக்குது” என்கிறான் பையன். ஒருவர் “உனக்குக் கை இன்னும் பழகல தம்பி” என்கிறார். இன்னொருவர் கிட்டாரின்மேல் கை வைத்து ஜெபிக்கிறார். கடைசியில் கிட்டார் பிரசங்க மேடைக்குப் பின்னால் சாத்தப்படுகிறது. பையனும் மெதுவாகப் பின்வரிசைக்குப் போய்விடுகிறான்.

ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு இருக்கிறது, சமாளித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு என்ன செய்வது? நான்கு பேர் நெருக்கி உட்காரும் ஹாலுக்குக் கீபோர்டும் ஸ்டாண்டும் ஸ்பீக்கரும் போகாது. கரண்ட் போனாலும் நிற்காமல் பாட வைப்பது அந்தக் கிட்டார்தான். ஆகையால் அதைச் சாத்தி வைப்பதற்கு முன்னே, அதற்கு என்ன வியாதி என்று பார்ப்போம். பத்தில் எட்டுக் கிட்டாருக்குப் புதுக் கிட்டார் வாங்கவே தேவையில்லை என்பது என்னுடைய அபிப்பிராயம்.

அந்தச் சத்தம் என்னது?

கிட்டாரில் தந்தி நிற்கிற இடம் இரண்டு. தலைப்பக்கம் பள்ளம் பள்ளமாக வெட்டின ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அதற்குப் பேர் நட் (போல்ட்டுக்குப் போடுகிற நட் என்று நினைத்துவிடாதீர்கள்). உடம்புப் பக்கம் பிரிட்ஜின்மேல் நிற்கிற வெள்ளைத் துண்டு சேடல். இந்த இரண்டுக்கும் நடுவில் தந்தி அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே கழுத்தின்மேல் வரிசையாகப் பதித்த உலோகக் கம்பிகளே ஃப்ரெட்.

தந்தியை மீட்டினால் அது மேலும் கீழும் ஆடும். இரண்டு முனையிலும் ஆட்டம் குறைவு, நடுவிலே அதிகம். தடித்த தந்தி மெல்லிய தந்தியைவிட அகலமாக ஆடும். அப்படி ஆடுகிற தந்திக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் நடுவே இருப்பது ஒன்று, இரண்டு மி.மீ. இடைவெளிதான், தலைப்பக்கம் போகப் போக அதற்கும் குறைவு. எந்த இடத்தில் அந்த இடைவெளி போதாமல் போகிறதோ, அந்த இடத்தில் தந்தி ஃப்ரெட்டைத் தட்டிக்கொண்டே ஆடும். அதுதான் ஜர்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ ஃபிட்டராக இருந்த சகோதரர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லலாம்: கிளியரன்ஸ். இதைத்தான் வாலிபருக்கு நான் முதலாவது சொல்ல விரும்புவது. கிட்டார் ஜர் சத்தத்துக்கு மியூசிக் மாஸ்டர் வேண்டும் என்று அண்ணாசாலைக்கு ஓடுவதற்கு முன், சபையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஃபிட்டர் மாமாவைக் கேளுங்கள். அவர் வீட்டு டிராயரில் ஒரு ஃபீலர் கேஜ் கிடக்கும். இஞ்சின் வால்வு இடைவெளி பார்க்கிற, விசிறி மாதிரி விரிகிற அந்த மெல்லிய தகடுகள்தான். அதுவும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆசரிப்புக் கூடார வேலைக்கு தேவன் பெசலெயேலைப் பேர் சொல்லி அழைத்து ஆவியால் நிரப்பினார் என்று வாசிக்கிறோமே, பொன் வேலை, கல் வேலை, மரவேலை எல்லாமே அதில் வருகிறது. மேடையில் பாடுகிறவருக்கு மட்டுந்தான் அபிஷேகம், அரம் பிடிக்கிறவருக்கு இல்லை என்று யாத்திராகமம் சொல்லவில்லை.

தொடுவதற்கு முன்னே கேளுங்கள்

வியாதி எங்கே என்று தெரியாமல் மருந்து கொடுக்கிறதுபோல, கிட்டார் ஜர் என்றால் உடனே ஆலன் கீயை எடுத்துக் கழுத்தைத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் சுருதி சேருங்கள். சரியான சுருதியில் இல்லாத கிட்டாரைப் பரிசோதிப்பது வீண். கீழ்த் தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இப்போது செல்போனிலேயே ட்யூனர் கிடைக்கிறது, காது நம்பிக்கை இல்லாதவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு காரியம் சொல்ல வேண்டும். சில சபைகளில் பாஸ்டர் ஐயாவின் குரலுக்கு ஏற்றபடி எல்லாத் தந்தியையும் அரைச் சுருதி, ஒரு சுருதி இறக்கி வைத்துவிடுகிறார்கள். ஆறு இரும்புத் தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பைக் கணக்கில் வைத்துத்தான் கிட்டாரைச் செய்திருக்கிறார்கள். தளர்த்தினால் இரண்டு விதத்தில் கேடு. தளர்ந்த தந்தி அகலமாக ஆடும். இழுப்புக் குறைந்த கழுத்து பின்னால் நிமிர்ந்து ஃப்ரெட்டைத் தந்திக்குப் பக்கத்தில் கொண்டுவரும். தந்தியைத் தளர்த்துவதற்குப் பதிலாகப் பாட்டின் கார்டை மாற்றி வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பிமாரே. ஜி-யில் வாசித்ததை எஃப்-இல் வாசிக்கக் கொஞ்சம் விரல் வலிக்கும், அவ்வளவுதான். 12-ம் நம்பர் தந்தி இருந்த கிட்டாருக்கு ‘விரலுக்கு மெத்தென்று இருக்கும்’ என்று 10-ம் நம்பர் போட்டாலும் இதே கதைதான்.

சுருதி சேர்ந்த பிறகு, ஒவ்வொரு தந்தியாக, ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே அளவு பலத்தோடு மீட்டிக்கொண்டே போங்கள். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எழுதின அந்தத் தாளே உங்களுக்கு வைத்தியம் சொல்லும்.

மீட்டும்போது கையையும் கவனியுங்கள். நம்முடைய சபைகளில் வேகமான துதிப்பாட்டு எப்படிப் போகும் என்று தெரியுமே! கைத்தட்டு, தம்புரு, டிரம்ஸ் எல்லாம் ஏறும்போது பையன் ஆறாம் தந்தியை மண்வெட்டி வீசுகிற மாதிரி அடிக்கிறான். அப்படி அடித்தால் எந்தக் கிட்டாரும் ஜர் என்றுதான் சொல்லும். ஃப்ரெட்டுக்குப் பின்னால் வெகு தூரத்தில் விரலை வைத்தாலும், தளர்வாக அழுத்தினாலும் அதே சத்தம்தான். சாதாரணமாக மீட்டும்போது சத்தம் இல்லை, வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் கிட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். மைக்கைக் கிட்டாருக்குக் கிட்டே வையுங்கள், கையை லேசாக்குங்கள்.

திறந்த தந்தியில் மட்டும் வந்தால்

விரல் வைக்காமல் மீட்டினால் ஜர். முதல் ஃப்ரெட்டில் அழுத்தியவுடன் சுத்தமாகிவிடுகிறது. இப்படியிருந்தால் பெரும்பாலும் நட்டில் அந்தத் தந்தியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. வருஷக்கணக்கில் சுருதி சேர்க்கும்போது தந்தி முன்னும் பின்னும் இழுபட்டு, அரம் போட்டதுபோல் அறுத்திருக்கும். பிளாஸ்டிக் நட் என்றால் சீக்கிரமே நடக்கும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு எளிய வழி. அந்தத் தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தலைமுடி அளவாவது இடைவெளி இருந்து ‘டிக்’ என்று தட்ட வேண்டும். அசையவே இல்லை, ஃப்ரெட்டின்மேல் படுத்துக்கிடக்கிறது என்றால் பள்ளம் ஆழம்தான்.

இன்றைக்குச் சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்கு ஆராதனை என்றால், தந்தியைத் தளர்த்தி எடுத்து, பள்ளத்தில் ஒரு சின்னக் காகிதத் துணுக்கை வைத்து, மறுபடி தந்தியை ஏற்றுங்கள். ஒரு ஞாயிறு தாங்கும். நிரந்தரமாக வேண்டுமானால் அடுப்பங்கரைக்குப் போங்கள். ஆப்பசோடாவைச் சிட்டிகை எடுத்துப் பள்ளத்தில் நிரப்பி, அதன்மேல் ஃபெவிக்விக் ஒரே ஒரு சொட்டு. நொடியில் கல்லாகிவிடும். விடும்போது சூடும் புகையும் வரும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கழுத்தைச் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு அதே தடிமன் உள்ள பழைய தந்தித் துண்டை வைத்து ரம்பம்போல் இழுத்து இழுத்துப் புதுப் பள்ளம் எடுக்கலாம். ஒரு இழுப்பு, ஒரு பார்வை. நிரப்பினதை எப்போது வேண்டுமானாலும் அறுக்கலாம், அறுத்ததை மறுபடி நிரப்புவதுதான் தலைவலி.

பள்ளம் எடுக்கும்போது அது தலைப்பக்கம் லேசாகச் சரிந்து இறங்க வேண்டும். மேடாக நிற்க வேண்டிய இடம், ஃப்ரெட்டைப் பார்த்திருக்கிற விளிம்பு. எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் தந்தி பள்ளத்துக்குள்ளேயே உரசி, சிதார் மாதிரி ஒரு மினுக்கு சத்தம் வரும். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் தம்புராவைப் பார்த்திருப்பீர்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூல் துண்டை நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள். அந்த நூல்தான் தம்புராவுக்கு அந்த ‘ஜீவா’ நாதத்தைக் கொடுக்கிறது. தந்தி தட்டையான குதிரையை உரசிக்கொண்டே ஆடுவதால் வருகிற நாதம் அது. அங்கே அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கிட்டாரில் அதே உரசல் வேண்டாத இடத்தில், கட்டுப்பாடில்லாமல் வருகிறது. விஞ்ஞானம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நட் நன்றாக இருந்தும் இந்தச் சத்தம் வந்தால், தலையில் சாவியைச் சுற்றித் தந்தி எத்தனை சுற்று வந்திருக்கிறது என்று பாருங்கள். மேல் நோக்கிச் சுற்றியிருந்தால் தந்தி நட்டை அழுத்தி உட்காராது. இரண்டு மூன்று சுற்று, கீழ் நோக்கிச் சுற்றுங்கள்.

முதல் நாலு ஃப்ரெட்டில் வந்தால்

இது கழுத்து வியாதி. கழுத்து ஸ்கேல் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தந்தி நடுவில் அகலமாக ஆடுகிறது என்று பார்த்தோமே, அதற்கு இடம் விட்டுக் கழுத்து முன்பக்கமாக மிக மிக லேசாக வளைந்திருக்க வேண்டும்.

அளப்பது இப்படி. ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டோ, ஒருவர் அழுத்தியோ பிடிக்கட்டும். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், பொதுவாக 14-ம் ஃப்ரெட்டில், இன்னொரு கையால் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே ஒரு நேர்கோடு. 6, 7-ம் ஃப்ரெட்டுக்கு மேலே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி? 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. ஃபீலர் கேஜில் 0.25 தகடு தந்தியைத் தூக்காமல் நழுவிப் போக வேண்டும். கேஜ் கிடைக்காவிட்டால், ஜெராக்ஸ் பேப்பர் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும், இரண்டு மூன்று தாளை மடித்து வைத்துப் பார்க்கலாம்.

இடைவெளியே இல்லை, தந்தி படிந்து கிடக்கிறது என்றால் கழுத்து நிமிர்ந்துவிட்டது. கழுத்துக்குள்ளே ஓடுகிற இரும்புக் கம்பிக்கு டிரஸ் ராடு என்று பேர். அதன் திருகு சில கிட்டாரில் தலையில் ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்கும், சிலவற்றில் சத்தத் துவாரத்துக்குள்ளே. திருகைப் பார்த்தபடி இடப்பக்கம் திருப்பினால் தளரும், தந்தி கழுத்தை முன்னே இழுக்கும், இடைவெளி கூடும். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், கழுத்து நிமிரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். திருகிவிட்டுச் சுருதி சேர்த்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அளந்து பாருங்கள். மரம் உடனே பதில் சொல்லாது. திருகு அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். அது முறிந்தால் கிட்டாரே போச்சு.

டிரஸ் ராடே இல்லாத கிட்டார்களும் உண்டு. நைலான் தந்திக் கிட்டார்களில் பலவற்றில் இருக்காது. அப்படிப்பட்டதில் ஒருபோதும் இரும்புத் தந்தி போடாதீர்கள். “சத்தம் நல்லா வருது பிரதர்” என்று முதல் மாதம் சொல்வார்கள். பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்போது அந்த பிரதர் ஊரில் இருக்கமாட்டார்.

உயர ஃப்ரெட்டுகளில் வந்தால்

ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போக ஜர் வந்தால், பெரும்பாலும் சேடல் தாழ்வாக இருக்கிறது. 12-ம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் நடுவில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். ஆறாம் தந்திக்கு 2.5 மி.மீ., முதல் தந்திக்கு 1.8 முதல் 2 மி.மீ. என்பது சபையில் கார்டு வாசிக்கிறவருக்குப் போதுமான அளவு. அதற்குக் குறைந்திருந்தால் சேடலை உயர்த்த வேண்டும். 12-ம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. ஆகையால் சேடலை 1 மி.மீ. உயர்த்தினால் அங்கே அரை மி.மீ.தான் உயரும். கணக்கை இரட்டிப்பாகப் போடுங்கள். சேடலைக் கழற்றி அதன் அடியில் மெல்லிய மரச்சீவலோ, பழைய ஐ.டி. கார்டைச் சீராக வெட்டிய துண்டோ வைக்கலாம். கீழே பிக்கப் வைத்த கிட்டார் என்றால் துண்டு மேடுபள்ளமில்லாமல் ஒரே சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தந்தி பெருத்தும் ஒரு தந்தி மெலிந்தும் ஸ்பீக்கரில் கேட்கும்.

ஆனால் சேடல் ஏன் தாழ்ந்தது? இதுதான் நம்முடைய ஊர்க் கதை; இதை நிதானமாக வாசியுங்கள். மரம் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் அதை விட்டுவிடும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். சென்னையில் காலை வேளையில் 70-க்கு மேல் இருப்பது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பலகை ஊறி உப்புகிறது. பலகையோடு பிரிட்ஜும் மேலே ஏறுகிறது. தந்தி உயர்ந்துவிடும், அழுத்தினால் விரல் நோகும். “ஆக்ஷன் ரொம்ப ஹை” என்று பையன் சேடலைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துத் தாழ்த்துகிறான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அருமையாக வாசிக்கிறான். மே மாதம் வருகிறது. மேற்கிலிருந்து அனல் காற்று. கடற்காற்று நம்முடைய பக்கம் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே கிட்டார் காய்கிறது, பலகை அமிழ்கிறது, பிரிட்ஜ் இறங்குகிறது. தேய்த்த சேடல் இப்போது எட்டவில்லை. எல்லா ஃப்ரெட்டும் ஜர்! ‘டிசம்பர்ல நல்லாத்தானே இருந்துச்சு?’ ஆமாம், இருந்தது.

ஆகவே மழைக்காலத்தில் சேடலைத் தேய்க்க வேண்டுமானால் கிட்டாரோடு வந்ததைத் தொடாமல், இன்னொரு சேடல் வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. அதிகச் செலவில்லாத பொருள்தான். ஏ.சி. போட்ட ஹாலுக்கு மாறின சபைகளிலும் இதே காரியம் நடக்கிறது. வாரம் முழுக்க ஈரக்காற்றில் வீட்டில், ஞாயிறு நாலு மணி நேரம் உலர்ந்த குளிரில். ஆராதனைக்கு அரைமணி முன்னே ஹாலுக்குள் கொண்டுபோய் உறையைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

ஒரே ஃப்ரெட்டில் மட்டும் வந்தால்

தாளில் பார்க்கிறீர்கள்: ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் மட்டும் ஜர், மற்றதெல்லாம் சுத்தம். குற்றவாளி ஐந்து அல்ல, ஆறாவது ஃப்ரெட். அது கொஞ்சம் எழும்பி நிற்கிறது. பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பை 5, 6, 7-ம் ஃப்ரெட்டுகளின் தலைமேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சல்போல் ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். முனை கிளம்பியிருந்தால் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் சிலசமயம் உட்கார்ந்துவிடும். அல்லது நீங்கள் அழுத்துகிற ஃப்ரெட்டே தேய்ந்து பள்ளமாகியிருக்கும். ஜி-யும் டி-யும் வாசித்தே முதல் மூன்று ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்த கிட்டார்கள் நம்மிடத்தில் ஏராளம். ஃப்ரெட்டுகளை அரம் போட்டுச் சமப்படுத்தும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஃபிட்டர் மாமாவிடமும் கொடுக்க வேண்டாம், அவர் மன்னிக்கட்டும். ஒன்றை இறக்கினால் இருபதையும் இறக்க வேண்டியிருக்கும், அதற்குப் பழகின கை வேண்டும்.

ஃப்ரெட்டே இல்லாத ஜர்

எல்லாம் பார்த்தாயிற்று, கழுத்து, நட், சேடல் மூன்றும் சரி, ஆனாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் எங்கேயோ அதிருகிறது. அப்போது ஒருவர் அந்த ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்ட, இன்னொருவர் கிட்டாரின் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுப் பிடித்துப் பார்க்கட்டும். எதைத் தொட்டால் நிற்கிறதோ அதுதான். தலையில் சாவியின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். வெட்டாமல் விட்ட தந்தி முனை மற்றொன்றில் இடிக்கும். பிக்கப் ஒயர் உள்ளே பலகையில் தட்டும். ஜாக்கின் நட் (இது உண்மையாகவே நட்) கழன்றிருக்கும். உடம்புக்குள் விழுந்த பிக், காசு, ஒரு தடவை ஞாயிறு பள்ளிப் பிள்ளை போட்ட பல்பம், இவைகளும் உண்டு.

உள்ளே ஒட்டியிருக்கிற தாங்கு கட்டை விட்டுப்போயிருந்தாலும் இந்தச் சத்தம் வரும். முதுகையும் மேல்பலகையையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், விட்டுப்போன இடத்தில் மட்டும் உடைந்த பானைச் சத்தம் கேட்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம்முடைய பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் நின்றது. ஈரத்தில் நின்று காய்ந்த கிட்டார் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பசை விட்டிருக்கலாம். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் உடனே எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டுக் கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு ஃபெவிக்விக் போட்டு ஒட்ட வேண்டாம்.

சிலசமயம் கிட்டாரில் குற்றமே இருக்காது. டிரம்ஸின் ஸ்நேர் கம்பி, மேலே தகரக் கூரையின் ஒரு ஸ்க்ரூ, ஸ்பீக்கர் பெட்டியின் வலை, இவைகள் கிட்டாரின் ஒரு ஸ்வரத்துக்குக் கூடச் சேர்ந்து அதிரும். கிட்டாரை வெளியே எடுத்துப்போய் வேப்பமரத்தடியில் வாசித்தால் தெரிந்துவிடும். தந்தியைத் தொடாமலேயே ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தால் அது கரண்ட் இரைச்சல். எர்த் சரியில்லை என்று அர்த்தம். அதைக் கிட்டாரில் தேடாமல், மூன்று பின் பிளக்கும் எர்த்தும் சரியா என்று எலெக்ட்ரீஷியன் சகோதரரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பையன் கையில் தந்தியும் வாய்க்கு எதிரே மைக்கும் இருக்கிறது. இதில் தாமதம் கூடாது.

கொண்டுபோக வேண்டியிருந்தால்

ஃப்ரெட் சமப்படுத்த, தாங்கு கட்டை ஒட்ட, நட் புதிதாக வெட்ட, இவைகளுக்குத் தெரிந்த கையிடம் போகத்தான் வேண்டும். அண்ணாசாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் முதற்கொண்டு, தந்தியும் சேடலும் வாங்கக் கடைகள் உண்டு. ரிப்பேருக்குப் போகும்போது “ஜர் அடிக்குது, பாருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதின தாளைக் கொடுங்கள். “நாலாம் தந்தி, ஐந்தாம் ஃப்ரெட் மட்டும், கழுத்து இடைவெளி 0.25, 12-ல் 2.5” என்று சொல்லிப் பாருங்கள். “எல்லாத்தையும் மாத்தணும்” என்ற பேச்சு அங்கே குறைந்துவிடும்.

ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ லோக்கல் ரயிலில் கொண்டுபோகிறவர்கள், துணி உறையில் போட்டு மேலே லக்கேஜ் தட்டில் படுக்க வைக்காதீர்கள். இருக்கையில் உட்கார்ந்து கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடியுங்கள். பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்கள் தலைப்பக்கம் மேலே நிற்கும்படி முதுகில் மாட்டி, வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து நுழையுங்கள். காரின் பின் டிக்கியில் வெயிலில் விட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போகவே வேண்டாம். அந்தச் சூட்டில் பசை இளகும்.

வாசித்து முடித்தவுடன் ஒரு பழைய பனியன் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடையுங்கள். நம்முடைய ஊர் வியர்வைக்கு இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தி ஒரே சீராக ஆடாது, சுருதியும் நிற்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு செட் மாற்றுவது வாரந்தோறும் வாசிக்கிற கிட்டாருக்கு நியாயமான கணக்கு. சபைக் கணக்கில் மெழுகுவர்த்திக்கும் பினாயிலுக்கும் ஒதுக்குகிறதுபோல இதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கும்படி மூப்பர்மாரைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் செலவைப் பள்ளிக்கூடம் படிக்கிற பையன் தன் பஸ் காசில் செய்துகொண்டிருக்கிறான்.

மேடைக்குப் பின்னால் சாத்தி வைத்த கிட்டார் உங்கள் சபையில் இருந்தால், இந்தச் சனிக்கிழமை அதை வெளியே எடுங்கள். வாசித்த தம்பியையும் ஃபீலர் கேஜ் வைத்திருக்கிற மாமாவையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஆறாம் தந்தியிலிருந்து ஆரம்பிக்கலாம்.